துரை பங்களாவின் பியானோவும் தோட்டத்து ஆர்மோனியமும்

பியானோ கற்றால் பிள்ளைக்கு அறிவு வளருமா? அதன் இசையைக் கேட்டால் இரத்த அழுத்தம் இறங்குமா? ஈப்போவிலும் சுற்றுப் பட்டணங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. பாட்டனும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். தாயும் தந்தையும் அலுவலகத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகிறவர்கள். பேரப்பிள்ளையோ சனிக்கிழமை காலையில் பியானோ வகுப்புக்குப் போகிறது. மூன்றே தலைமுறையில் வந்த மாற்றம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமையோடு சேர்த்து ஒரு நம்பிக்கையும் விற்பனைக்கு வந்துவிட்டது. மேற்கத்திய பியானோ இசையை வீட்டில் ஓடவிட்டாலே போதும், மூளை தானாகக் கூர்மையாகிவிடும் என்ற நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கை பிறந்த ஆண்டையே சொல்லிவிடலாம்: 1993. கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு, இரண்டு பியானோக்களுக்காக மோசார்ட் எழுதிய ஒரு சொனாட்டாவை 10 நிமிடம் கேட்க வைத்தார்கள். பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற வடிவப் புதிர்களைக் கொடுத்தார்கள். மாணவர்கள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அந்த ஆதாயம் 10, 15 நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. ஆய்வில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. அதனால் என்ன? ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரை, குழந்தைகளுக்கான குறுந்தட்டு வியாபாரமாக உலகைச் சுற்றி வந்தது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இசைத்தட்டு வழங்க வரவு செலவுத் திட்டத்தில் 1,05,000 டாலர் கேட்டார். 2010இல் வியன்னா பல்கலைக்கழகத்தார், 3,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற சுமார் 40 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். மோசார்ட் கேட்டால் அறிவு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். மோசார்ட் பிறந்த நாட்டிலிருந்தே அந்தத் தீர்ப்பு வந்தது!

அப்படியானால் இசையால் உடலுக்கும் மனத்துக்கும் நன்மையே இல்லையா? உண்டு. எங்கே, எப்படி, யாருக்கு என்பதுதான் கேள்வி. அதற்குப் பேரா மாநிலத்தின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது.

இசையை மருந்தாக எண்ணுவது தமிழருக்குப் புதிதல்ல. போரில் புண்பட்ட வீரனை வீட்டில் கிடத்தி, வாசலில் வேப்பிலையும் இரவ இலையும் செருகி, யாழும் பிற வாத்தியங்களும் ஒலிக்க, வெண்சிறு கடுகு தூவி, மணியடித்து, குழலூதி, காஞ்சிப் பண் பாடிக் காத்த காட்சியைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டு காட்டுகிறது. புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆறக் குறமகளிர் பாடியதை மலைபடுகடாம் சொல்கிறது. இவற்றை மருத்துவச் சான்று என்று எடுத்துக்கொள்ள முடியாதுதான். நோயாளியைத் தனியே விடாமல், தெரிந்த பாட்டோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் உறுதி. பின்னாளிலும், தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் புகழ்பெற்ற ஆபிரகாம் பண்டிதர்தான் (1859–1919) தமிழிசை ஆய்வுக்குப் பெரும் அடித்தளம் போட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டு, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டவர் அவர். மருந்துப் பெட்டியும் இசையேடும் ஒரே வீட்டில் இருந்தன.

பண்டிதர் நூல் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பேராவின் ரப்பர் கதை 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒரு சில கன்றுகளில் தொடங்கியது. அந்தத் தலைமுறை மரம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. 1905க்குப் பிறகு ரப்பர் விலை ஏற ஏற, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். தோட்டத்தின் மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயம்.

மேட்டிலும் பட்டணத்துக் கிளப்புகளிலும் பியானோ இருந்தது. துரைமார் குடும்பங்களுக்கு அது ஊரை நினைவூட்டும் பொருள். 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்ற கைவினைஞர் செய்த இந்த வாத்தியம், குளிர்நாட்டுச் சரக்கு. உள்ளே சுமார் 230 கம்பிகள். அவை இழுக்கும் விசையைக் கூட்டினால் 18 டன் அளவுக்கு வரும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் மரப்பலகை ஊதும், பசை விடும், கம்பி துருப்பிடிக்கும், கரையான் ஏறும். அதற்காகவே வெப்பநாட்டுக்கென்று பித்தளைத் திருகாணி முடுக்கிய பியானோக்களைத் தனியாகச் செய்து அனுப்பினார்கள். சிங்கப்பூரின் ராபின்சன் பியானோ கம்பெனி போன்றவை அவற்றை விற்றன. வாங்கினால் போதாது, ஆள் வரவழைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யானை வளர்ப்பது போலத்தான்.

ஈப்போ பட்டணத்தில் கான்வென்ட் பள்ளிகள் வழியாகவும் மெதடிஸ்டு திருச்சபை வழியாகவும் பியானோ மெல்ல உள்ளூர்க் குடும்பங்களுக்கு வந்தது. ஈயத்தில் பணம் கண்ட சீனர் வீடுகள், யூரேசியர் வீடுகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர், ரயில்வே ஊழியர் வீடுகளில் சில என்று அதன் வட்டம் அவ்வளவுதான். லயத்துப் பிள்ளைக்கு அது சினிமாவில் பணக்காரக் கதாநாயகன் வீட்டுக் கூடத்தில் தெரியும் ஒரு கறுப்புப் பெட்டி.

ஆனால் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் லயத்துக்கு வரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறு பெயரில், வேறு வழியாக வந்தன. ஆர்மோனியமாக வந்தன.

1842இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். அது நாற்காலியில் உட்கார்ந்து காலால் துருத்தி மிதித்து வாசிக்கும் பெட்டி. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1880களில் அதைச் சுருக்கி, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும்படி செய்தார். பியானோவுக்கும் அதற்கும் உள்ளுறுப்பு வேறு. அங்கே சுத்தி கம்பியைத் தட்டும், இங்கே காற்று பித்தளை நாக்கை அதிர வைக்கும். விரல் நடக்கும் பாதை மட்டும் ஒன்றே. தமிழ் நாடகக் கம்பெனிகள் இதை இறுகப் பற்றிக்கொண்டன. கம்பெனிகள் கடல் தாண்டி மலாயாவுக்கும் வந்தன. வாத்தியமும் கூடவே வந்தது. தோட்டத்துப் பஜனை மடம், மாரியம்மன் கோயில் திருவிழா நாடகம், புரட்டாசிச் சனிக்கிழமை, மார்கழிப் பஜனை என்று எல்லாவற்றிலும் அதற்கு இடம் கிடைத்தது. தூக்கிப் போகலாம், சுருதி கலையாது, விலையும் கைக்கு எட்டும்.

படித்தவர்கள் அதை மதிக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. கமகம் வராத வாத்தியம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது என்ற குறை உண்மையானதுதான். பியானோவுக்கும் அதே குறை உண்டு. அதைக் காட்டி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தன் நிலையத்துக்குள் விடவில்லை. பேராவின் தோட்டங்களில் யாரும் அந்தத் தடையைப் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பஜனை இரவுகள் உடலுக்கு என்ன செய்தன? அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரியும். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, இருட்டில் நிரைக்குப் போய், மதியத்துக்குள் 400, 500 மரங்கள் வெட்ட வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், தண்டல் ஏசுவார். பிறகு பால் சுமக்க வேண்டும். மாலையில் ஆண்களுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை திறந்திருக்கும். அந்தக் கடையை மூட வேண்டும் என்பது 1941இல் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகவே கிளம்பியது. கள்ளுக்கடைக்குப் போட்டியாகத் தோட்டத்தில் வேறு என்ன இருந்தது? கோயிலும் நாடகக் கொட்டகையும்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஒரு முழு நாடகத்தின் பாட்டு வசனத்தை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மூச்சுக்கும், நினைவுக்கும், கூட்டுறவுக்கும் அங்கே பயிற்சி நடந்தது. அதற்கு மருத்துவம் என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மனம் உடைந்தவர்களுக்கு இருந்த இடம் வேறு. ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான நோயாளிகள் அங்கே அடைக்கப்பட்டிருந்த காலம் உண்டு. தோட்டங்களில் அந்த ஊர்ப் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டது. 1971இல் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் ‘பஹாகியா’ என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆனாலும் பழைய பெயர் வாய்களை விட்டுப் போகவில்லை. இந்த வகை மருத்துவமனைகளை இங்கே கட்டிய பிரிட்டனில், அவற்றுக்குள் இசை அப்போதே நுழைந்திருந்தது. பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகிச் ‘சர்’ பட்டம் பெற்ற எட்வர்ட் எல்கார், 1879 முதல் 1884 வரை வூஸ்டர் அருகே பவிக் மனநோய் விடுதியின் வாத்தியக் குழுத் தலைவராக இருந்தார். நோயாளிகளும் ஊழியர்களும் ஆடுவதற்காக நடன இசை எழுதினார். குழுவில் பியானோவும் ஒன்று. நோய் தீர்ந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் நோயாளி மனிதராக நடத்தப்பட்டார்.

இனி இன்றைய மருத்துவம் சொல்வதைக் கேட்கலாம். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

ஹெல்சிங்கியில் பக்கவாதம் கண்ட 60 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பாட்டு. ஒரு பிரிவுக்கு ஒலிப் புத்தகம். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பாட்டுப் பிரிவினர் இரண்டு மாதம் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது கேட்க வேண்டும். 2008இல் வெளிவந்த முடிவின்படி, சொற்களை நினைவில் வைப்பதிலும் கவனத்தைக் குவிப்பதிலும் பாட்டுக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மனச்சோர்வும் குறைவாக இருந்தது. ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாட்டு என்பதை நோயாளியே தேர்ந்தெடுத்தார். பியானோ இசைதான் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஈப்போ மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு அது முருகன் பாட்டாக இருக்கலாம், 1960களின் சினிமாப் பாட்டாக இருக்கலாம்.

வாசிப்பதில் கிடைப்பது வேறு வகை. அமெரிக்காவில் 60 முதல் 85 வயது வரையுள்ள 31 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2007இல் வந்தது. பியானோவைத் தொட்டறியாதவர்களுக்கு ஆறு மாதம் தனித்தனியே பாடம் நடத்தினார்கள். வேலையைத் திட்டமிடுவதிலும், மனத்தில் ஒன்றை நிறுத்திக்கொண்டே இன்னொன்றைச் செய்வதிலும் முன்னேற்றம் தெரிந்தது. காரணம் புரியாததல்ல. இரு கையும் வெவ்வேறு வேலை செய்ய, கண் முன்னே ஓட, காது பிழையைப் பிடிக்க, விரல் உடனே திருத்திக்கொள்கிறது. மூளைக்கு இவ்வளவு வேலையை ஒரே சமயத்தில் கொடுக்கும் பொழுதுபோக்குகள் அதிகம் இல்லை. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த இன்னோர் ஆய்வு 2003இல் வெளியானது. வாத்தியம் வாசித்தவர்கள், படித்தவர்கள், பலகை விளையாட்டு ஆடியவர்கள், நடனமாடியவர்கள் ஆகியோருக்கு மறதிநோய் குறைவாக வந்தது என்றது அது. வாசித்ததால்தான் வரவில்லையா, நல்ல மூளை இருந்ததால்தான் கடைசிவரை வாசிக்க முடிந்ததா என்று அந்த ஒன்றை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் சொல்வது குறுந்தட்டு வியாபாரிகளின் வேலை.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொரொன்டோவில் 144 ஆறு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வில் (2004), ஓராண்டு கீபோர்டோ வாய்ப்பாட்டோ கற்றவர்களின் அறிவுத்திறன் அளவு மற்றவர்களைவிடச் சிறிதளவு கூடியது. சிறிதளவுதான். நாடகம் கற்ற பிரிவில் அறிவுத்திறன் அப்படி உயரவில்லை; ஆனால் பிறரோடு பழகும் குணம் மேம்பட்டது. பெற்றோருக்கு எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம்.

பேராவில் இந்த நன்மைகள் யாருக்கு மிகவும் தேவைப்படுகின்றன? தோட்டம் விட்டு வந்த முதியவர்களுக்குத்தான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன் பிறகு வீடமைப்பு வந்தது. குடும்பங்கள் ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. கோயிலைப் பெயர்த்து எடுத்து வந்தவர்கள் உண்டு. பஜனைக் குழுவைப் பெயர்த்து எடுத்து வருவது அவ்வளவு எளிதாக இல்லை. ஒரே நிரையில் பாடியவர்கள் நாலு பட்டணத்துக்குச் சிதறிப் போனார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின், 500 மரம் சீவிய கை தொலைக்காட்சியின் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 2018இல் எடுத்த தேசிய நலவாழ்வு ஆய்வு, மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 8 பேருக்கும் சற்றுக் கூடுதலானவர்களிடம் மறதிநோய் இருப்பதாகச் சொன்னது. அந்த வயதில் மனச்சோர்வும் அரிதல்ல.

அதே வீட்டு முன்னறையில் பேரப்பிள்ளையின் கீபோர்டு இருக்கிறது. அதன் நிலை என்ன? பல வீடுகளில் அது தேர்வுக்கான கருவி. ஒரு நிலைக்கு மூன்று பாட்டு, சில சுர வரிசை, ஒரு சான்றிதழ். தேர்வு நெருங்கினால் பிள்ளைக்கு வயிறு கலங்குகிறது. தோள் இறுகி, மணிக்கட்டு வலிக்கிறது. எஸ்.பி.எம். முடிந்ததும் மூடிய மூடி திறப்பதில்லை. உடல்நலத்துக்காகப் பியானோ என்று சொல்லிக்கொண்டு இப்படிச் செய்வது, தேகப் பயிற்சிக்கு என்று ஓடவிட்டுக் காலை ஒடித்துக்கொள்வதற்குச் சமம். பரீட்சை வேண்டாம் என்பதல்ல. பரீட்சைப் பாட்டு முடிந்த பின், தாத்தாவுக்குத் தெரிந்த ஒரு பாட்டையும் அந்தக் கட்டைகளில் தேடிப் பிடிக்க வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் யாருக்கு நஷ்டம்? கமகம் வராதுதான். வராத இடத்தைத் தாத்தா பாடிக்காட்டுவார்.

வீட்டில் நடக்காவிட்டால் வெளியில் செய்யலாம். நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் பேராவில்தான் உள்ளன; தோட்டம் போன பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பவை அவற்றுள் பல. பிற்பகலில் வகுப்பறைகள் சும்மா கிடக்கின்றன. கோயில் மண்டபங்களும் அப்படியே. சாதாரணக் கீபோர்டு சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, 61 கட்டைகள். ஆரம்பிக்க அவ்வளவுகூட வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஹனோவர் நகரில், பக்கவாதத்தால் கை தளர்ந்த 20 பேருக்கு மூன்று வாரத்தில் 15 முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் இசைப் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய கையும் விரல்களும் விரைவாகவும் சீராகவும் அசைந்தன என்று 2007இல் எழுதினார்கள். அவர்கள் முன்னால் வைக்கப்பட்டவை இரண்டு பொருள்கள்: விரலுக்கு எட்டே எட்டு வெள்ளைக் கட்டைகள், தோளுக்கும் முழங்கைக்கும் எட்டுத் தோற்கருவித் தட்டுகள். முன்னது துரை பங்களாவில் இருந்தது. பின்னது லயத்துக் கோயிலில் எப்போதும் இருந்த பறைதான்.